கடைசி கஸ்டமர் இன்னும் வரலை

மகன்: தள்ளாதே... தள்ளாதேன்னா! போறேன்ல?

மருமகள்: மெதுவா பேசுங்க. உங்க குரல் கேட்டா காரியம் கெட்டுடும்.

மகன்: வெளிய பல்லு தந்தியடிக்குது. இப்பதான் வந்தேன், கொஞ்ச நேரம் அடுப்புப் பக்கம் நின்னு சூடேத்திட்டு...

மருமகள்: நீங்க சூடேறுறதுக்குள்ள உங்க அப்பா கிளம்பிடுவார். ஷூ மாட்டியாச்சு. லேஸ் கட்டுறதுதான் பாக்கி.

மகன்: ஷூவா? அதை ஒளிச்சு வெச்சிருந்தேனே!

மருமகள்: எங்க?

மகன்: வாஷிங் மெஷினுக்குள்ள.

மருமகள்: அங்கதான் முதல்ல தேடினார். காலம் பூரா லாட்ஜ் மேனேஜரா இருந்த மனுஷன். எவன் எதை எங்க ஒளிப்பான்னு அவருக்குத் தெரியாதா?

மகன்: சரி, நேரா முன் வாசல் வழியா போறேன். எதுக்குப் பின்கதவு, சந்து, குப்பைத் தொட்டின்னு ஊரைச் சுத்தி...

மருமகள்: அன்னைக்கு பெட்ரூம்லேருந்து நேரா ஹாலுக்கு வந்தீங்களே. என்ன ஆச்சு?

மகன்: 'சாவி வாங்காம ரூமுக்குள்ள எப்படிடா போனே'ன்னு குடையால அடிச்சார்.

மருமகள்: நல்ல குடை. இப்ப அது விரியவே மாட்டேங்குது.

மகன்: என் முதுகைப் பத்தி ஒரு வார்த்தை கேட்டியா நீ?

மருமகள்: முதுகு நல்லாத்தானே இருக்கு? குடைதான் போச்சு. இந்தாங்க மஃப்ளர். மூக்கு வரைக்கும் சுத்துங்க.

மகன்: வர்ற கடுப்புக்கு... கடைசி கஸ்டமர் இன்னும் வரலைன்னு சொன்னா அப்பா ஷூவைக் கழட்டிட்டு உட்கார்ந்துடுவார்னு கண்டுபிடிச்சது யாரு? நீ. தினம் அந்தக் கஸ்டமரா பெட்டியைத் தூக்கிட்டு அலையறது யாரு? நான்!

மருமகள்: அப்ப நான் கஸ்டமரா வர்றேன். நீங்க உள்ள இருந்து அவரைப் பிடிச்சு வெச்சுக்குங்க. முடியுமா?

மகன்: ...பெட்டியைக் குடு.

மருமகள்: கையெல்லாம் என்ன கரி?

மகன்: இதுவா? காரைத் துடைச்சேன்.

மருமகள்: இந்தக் குளிர்லயா?

மகன்: நாளைக்கு அப்பாவைக் கூட்டிட்டுப் போகணும்ல... சுத்தமா இருக்கட்டுமேன்னு.

மருமகள்: ம்.

மகன்: இன்னைக்கு ஒரு நாள்தானே. நாளையிலேருந்து இந்தக் கூத்து இல்லை.

மருமகள்: ம். அந்த முதியோர் இல்லத்துல எல்லாம் பேசிட்டீங்கல்ல?

மகன்: பேசியாச்சு, பேசியாச்சு.

மருமகள்: என்ன சொன்னாங்க?

மகன்: என்ன சொல்வாங்க... வாங்கன்னாங்க.

மருமகள்: ரூம்ல ஹீட்டர் இருக்கான்னு கேட்டீங்களா?

மகன்: கேட்டேன்... கேட்ட மாதிரிதான்.

மருமகள்: அது என்ன மாதிரி?

மகன்: ஏய், குளிர்காலம் முடியிற வரைக்கும்தானே? ரெண்டு மூணு மாசம். அங்க நாள் பூரா ஆள் இருப்பாங்க, வெளிச்சம் இருக்கும்...

மருமகள்: நான் சொன்னதை எனக்கே ஒப்பிக்காதீங்க.

மகன்: நீ சொன்னது சரிதானே? வெயில் காலத்துல மனுஷன் தங்கம். வெளிச்சம் இருக்கும்போதே சாப்பிட்டுத் தூங்கிடுவார். இப்ப இந்த ஊர்ல நாலு மணி தாண்டினா இருட்டு. இருட்டினா நம்ம வீடு அவருக்கு லாட்ஜ். ஷிஃப்ட் முடிஞ்சது, வீட்டுக்குப் போறேன்னு ஒரே பிடி. போன வாரம் மருந்துக்கடைக்காரர் மட்டும் பார்க்கலைன்னா...

மருமகள்: அதை ஞாபகப்படுத்தாதீங்க. வெறும் பனியனோட பஸ் ஸ்டாப்புல...

மகன்: சரி சரி. அப்பா பெட்டி கட்டியாச்சா?

மருமகள்: கட்டி கட்டிலுக்கு அடியில வெச்சிருக்கேன்.

மகன்: இந்தக் கஸ்டமர் பெட்டி என்ன இன்னைக்கு இவ்வளவு கனம்? பழைய பேப்பர்தானே?

மருமகள்: பேப்பர்காரன் ஞாயித்துக்கிழமை தடிமனா போடுறான்.

மகன்: இன்னைக்கு யாரா வரணும்? நேத்து மெத்தை கம்பெனி ஏஜென்ட். முந்தாநாள் பல் டாக்டர்.

மருமகள்: பல் டாக்டர் வேண்டவே வேண்டாம். அப்பா பல் செட்டைக் கழட்டி உங்க கையில வெச்சுட்டார்.

மகன்: சிரிக்காதே.

மருமகள்: ஸ்வெட்டர் வியாபாரின்னு சொல்லுங்க.

மகன்: ஸ்வெட்டரா?

மருமகள்: குளிர்காலம்ல? பொருத்தமா இருக்கும். போங்க, ஹால்ல நாற்காலி இழுக்கிற சத்தம் கேட்குது.

மகன்: டாக்டரம்மா சொன்னதெல்லாம் செஞ்சியா? லைட்டு?

மருமகள்: இருட்டுறதுக்கு முன்னாடியே போட்டாச்சு. வீடு நகைக்கடை மாதிரி ஜொலிக்குது.

மகன்: காபி?

மருமகள்: மத்தியானத்துக்கு மேல கண்ணுலயே காட்டலை.

மகன்: ஜன்னல் திரை?

மருமகள்: ...ஐயோ.

மகன்: என்ன ஐயோ?

மருமகள்: துவைச்சுக் காயப் போட்டேன். போங்க, போங்க!

மேனேஜர்: முதலாளியம்மா! முதலாளியம்மா!

மருமகள்: இதோ வந்துட்டேன் மாமா.

மேனேஜர்: மாமாவா? டியூட்டி நேரத்துல உறவு கொண்டாடாதீங்க. ஸ்டாஃப் பார்த்தா என்ன நினைப்பாங்க?

மருமகள்: தப்புதான் மேனேஜர் சார். சொல்லுங்க.

மேனேஜர்: ஜன்னலுக்கு வெளிய ஒருத்தர் நிக்கிறார். பாருங்க.

மருமகள்: எங்க சார்?

மேனேஜர்: அந்தா, கண்ணாடிக்கு அந்தப் பக்கம். வயசானவர். பாவம், ஸ்வெட்டர் பட்டனைக்கூட மேல கீழ மாத்திப் போட்டிருக்கார். வீட்ல கவனிக்க ஆளில்லை போலிருக்கு.

மருமகள்: கவனிக்க ஆள் இருக்கு சார்... அவளுக்கு ஆயிரம் வேலை. நீங்க கொஞ்சம் இப்படித் திரும்புங்க, உங்க பட்டனைச் சரி பண்றேன்.

மேனேஜர்: என் பட்டனை எதுக்கு? அவருக்குப் போடுங்க.

மருமகள்: உங்களுக்குப் போட்டா அவருக்கும் சரியாயிடும்.

மேனேஜர்: அதெப்படி?

மருமகள்: இதோ... முடிஞ்சது. இப்ப அவரைப் பாருங்க.

மேனேஜர்: அட! அட அட! கைராசிக்காரிம்மா நீங்க.

மருமகள்: இப்ப அவர் தூங்கணுமாம். இந்தப் போர்வையை ஜன்னல்ல மாட்டிடுறேன்.

மேனேஜர்: மாட்டுங்க. வெளிச்சம் கண்ணுல குத்தும் அவருக்கு. ...சரி, நான் கிளம்பறேன்.

மருமகள்: எங்க?

மேனேஜர்: வீட்டுக்குத்தான். ஷிஃப்ட் முடிஞ்சதே. இருட்டிடுச்சே!

மருமகள்: கடைசி கஸ்டமர் இன்னும் வரலையே சார்.

மேனேஜர்: தினம் இதே கதை. யார் அந்த ஆள்? ஒரு நாளாவது நேரத்துக்கு வர்றானா?

மருமகள்: எனக்கும் அவரை ரொம்ப வருஷமா தெரியும் சார். எதுக்கும் நேரத்துக்கு வந்ததில்லை.

மேனேஜர்: பக்கத்து லாட்ஜ்ல போய்த் தங்கச் சொல்லுங்க. எனக்கு வீட்ல வேலை இருக்கு.

மருமகள்: என்ன வேலை சார், அப்படித் தலைபோற வேலை?

மேனேஜர்: பையன் தனியா இருப்பான். அவங்க அம்மா ஊருக்குப் போயிருக்கா. ஸ்கூல் விட்டு வந்திருப்பான். வெளிய காட்டிக்க மாட்டான், ஆனா இருட்டுன்னா அவனுக்குப் பயம். லைட் சுவிட்ச் எட்டாது. ஸ்டூல் போட்டு ஏறுவான், விழுந்து வைப்பான்.

மருமகள்: விழ மாட்டான் சார்.

மேனேஜர்: உங்களுக்கென்ன தெரியும்? நான் போறேன். கதவைத் திறங்க.

மருமகள்: கொஞ்சம்... கொஞ்சம் உட்காருங்க. பெல் அடிச்ச மாதிரி இருந்ததே?

மேனேஜர்: எனக்குக் கேட்கலை.

மருமகள்: இதோ, இப்ப கேட்டுதா?

மேனேஜர்: கேட்டுது.

மருமகள்: திறந்துடுறேன்.

மேனேஜர்: பொறுங்க, பொறுங்க! உட்காருங்க.

மருமகள்: ஏன் சார்?

மேனேஜர்: முதல் பெல்லுக்கே ஓடிப் போய்த் திறந்தா, லாட்ஜ் காலியா கிடக்குன்னு நினைப்பான். ரூம் எல்லாம் நிரம்பி வழியற மாதிரி இருக்கணும். இப்படித்தாம்மா தொழில் பண்றது.

மருமகள்: வெளிய குளிருமே சார்.

மேனேஜர்: குளிரட்டும். குளிர்ல நின்னவன்தான் எந்த ரூம் குடுத்தாலும் வாயை மூடிட்டு வாங்கிப்பான்.

மருமகள்: அதுவும் சரிதான்.

மேனேஜர்: என்ன, சிரிக்கிறீங்க?

மருமகள்: ஒண்ணுமில்லை சார். இன்னொரு தரம் அடிக்கிறார்.

மேனேஜர்: அடிக்கட்டும்.

மருமகள்: இப்ப உதைக்கிறார்.

மேனேஜர்: ஆங், இப்ப திறங்க. பக்குவத்துக்கு வந்துட்டான்.

மகன்: எவ்... எவ்வளவு நேரம்... எவ்வளவு நேரம்டீ...

மருமகள்: வாங்க வாங்க சார்! வணக்கம்! எங்க லாட்ஜுக்கு வாங்க!

மேனேஜர்: முதலாளியம்மாவை 'டீ' போட்டா கூப்பிட்டான்?

மகன்: இல்ல சார்... டீ கிடைக்குமான்னு கேட்டேன்.

மேனேஜர்: கிடைக்காது. சாயங்காலத்துக்கு மேல இங்க டீ, காபி கிடையாது. டாக்டர் உத்தரவு. மஃப்ளரைக் கழட்டுங்க, முகத்தைப் பார்க்கணும்.

மகன்: ஜலதோஷம் சார்.

மேனேஜர்: மூக்கையாவது காட்டுங்க. ...ம். இந்த மூக்கை எங்கேயோ பார்த்திருக்கேன்.

மகன்: அப்படியா சார்? எங்க?

மேனேஜர்: எங்க வீட்டு மூக்கு மாதிரி இருக்கு. என் பையனுக்கும் இதே மூக்குதான்.

மகன்: உங்க பையன் மாதிரியா இருக்கேன்?

மேனேஜர்: சேச்சே! அவன் லட்சணமா இருப்பான்.

மருமகள்: க்ளுக்...

மகன்: முதலாளியம்மாவுக்கு விக்கல் போல.

மேனேஜர்: பேர் எல்லாம் கேட்கிறதில்லை. எல்லாரும் பொய்ப் பேர்தான் சொல்றாங்க. தொழில் என்ன?

மகன்: ஸ்வெட்டர் வியாபாரம்.

மேனேஜர்: கையைக் காட்டுங்க.

மகன்: எதுக்கு சார்?

மேனேஜர்: காட்டுங்கன்னா... ஸ்வெட்டர் விக்கிறவன் கையில எப்படி இவ்வளவு கரி? முதலாளியம்மா, ஆள் சரியில்லை.

மருமகள்: நானும் அதைத்தான் கேட்டேன் சார். மழுப்பிட்டார்.

மகன்: நீ யார் பக்கம்?

மேனேஜர்: தனியாவா வந்திருக்கீங்க?

மகன்: ஆமா.

மேனேஜர்: கல்யாணம்?

மகன்: ஆயிடுச்சு.

மேனேஜர்: சம்சாரம் எங்க?

மகன்: அவ ஒரு லாட்ஜுக்கு முதலாளியா இருக்கா சார். என்னை மதிக்கிறதே இல்லை.

மேனேஜர்: பெரிய இடத்துல பொண்ணு எடுத்தா அப்படித்தான். குறட்டை விடுவீங்களா?

மகன்: இல்லை.

மருமகள்: பொய் சார்.

மேனேஜர்: உங்களுக்கெப்படித் தெரியும்?

மருமகள்: மூக்கைப் பார்த்தாலே தெரியுதே.

மேனேஜர்: சரி. குறட்டைக்காரருக்குக் கோடி ரூம். ராத்திரி பாட்டுப் பாடக் கூடாது. ஜன்னல் வழியா துப்பக் கூடாது. துண்டை எடுத்துட்டுப் போகக் கூடாது. எங்க, சரக்கைக் காட்டுங்க.

மகன்: என்ன சரக்கு?

மேனேஜர்: ஸ்வெட்டர். பெட்டியைத் திறங்க. குளிர்காலம்ல, நல்லதா இருந்தா நானே ஒண்ணு எடுத்துப்பேன். பையனுக்கும் ஒண்ணு வேணும்.

மகன்: அது... சார்... இதெல்லாம் சாம்பிள்தான்.

மேனேஜர்: சாம்பிளைத்தான் காட்டச் சொல்றேன்.

மகன்: ராத்திரியில திறந்தா சாயம் போயிடும்.

மேனேஜர்: ராத்திரியில சாயம் போற ஸ்வெட்டரை எவன் வாங்குவான்?

மருமகள்: காட்டுங்களேன் சார். எனக்கும் ஒண்ணு தேவைப்படுது.

மகன்: உனக்கென்ன பைத்தியமா? உள்ள வெறும் பேப்பர்...

மேனேஜர்: என்ன அங்க கிசுகிசு?

மருமகள்: விலை பேசினேன் சார். திறங்க. பரவாயில்லை, திறங்கன்னா.

மகன்: அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாதே. இந்தாங்க, பாருங்க, வெறும்...

மேனேஜர்: ம். நீலக் கலர் ஸ்வெட்டர். என்னய்யா சரக்கு இது? முழங்கையில ஒட்டுப் போட்டிருக்கு. புதுசுன்னு சொல்லி இதையா விக்கிற?

மகன்: ஏய்... இது எப்படி...

மேனேஜர்: குல்லா. சாக்ஸ். இந்த சாக்ஸ்ல கட்டைவிரல் வெளிய வருது. ரேடியோ வேற. ரேடியோவும் விக்கிறியா? இது என்ன டப்பா?

மகன்: அதைத் திறக்காதீங்க சார்.

மேனேஜர்: பல்!

மருமகள்: சார்...

மேனேஜர்: பல்லும்மா! இது என் பழைய பல் செட்! என் டப்பா! அடப்பாவி, துண்டு திருடுறவனைப் பார்த்திருக்கேன், பல்பு திருடுறவனைப் பார்த்திருக்கேன். மேனேஜரோட பல்லைத் திருடினவன் நீ ஒருத்தன்தான்டா!

மகன்: நான் திருடலை சார்!

மேனேஜர்: பின்னே உன் பெட்டிக்குள்ள நடந்தா வந்துச்சு? இதை யாருக்கு விக்கப் போறே? எவன் வாயில பொருந்தும்? முதலாளியம்மா, போலீஸைக் கூப்பிடுங்க!

மருமகள்: சார், கொஞ்சம் உட்காருங்க...

மேனேஜர்: என் ஸ்வெட்டர், என் குல்லா, என் பல்... ஒண்ணு விடலை. எல்லாத்தையும்... எல்லாத்தையும்...

மகன்: சார்?

மேனேஜர்: திருடினவன் இப்படி மடிக்க மாட்டானே. திருடினவன் சுருட்டித் திணிப்பான். இது உட்கார்ந்து பொறுமையா மடிச்சது. கைக்கு கை வெச்சு. சாக்ஸைக்கூட ஜோடி சேர்த்து... மருந்தை மேல வெச்சிருக்கு, எடுக்கச் சுலபமா இருக்கணும்னு. எத்தனை பெட்டியைப் பார்த்திருக்கேன் நான். இது ஊருக்கு அனுப்புற பெட்டி.

மகன்: சார், அது வந்து...

மேனேஜர்: முதலாளியம்மா.

மருமகள்: சொல்லுங்க சார்.

மேனேஜர்: நான் லீவு கேட்கலையேம்மா. என் வேலையில ஏதாவது குறையா?

மருமகள்: இல்லை.

மேனேஜர்: கஸ்டமர் யாராவது புகார் சொன்னாங்களா? இந்த ஆளா?

மகன்: நான் ஒண்ணும் சொல்லலை... நான் சொல்லவே இல்லை சார். அப்...

மேனேஜர்: என்ன?

மகன்: ...அப்படியே எல்லாத்தையும் எடுத்த இடத்துல வெச்சிடட்டுமான்னு கேட்டேன்.

மேனேஜர்: உன்னை யார் கேட்டா? முதலாளியம்மா சொல்லட்டும். ஏம்மா அழறீங்க? வேலையை விட்டு அனுப்புறவங்க அழக் கூடாது. போறவன்தான் அழணும்.

மருமகள்: யாரும் யாரையும் அனுப்பலை. சீசன் நேரத்துல எந்த முதலாளி மேனேஜருக்கு லீவு குடுப்பா? துணியெல்லாம் வெயில்ல போடணும்னு எடுத்து அடுக்கினேன். பெட்டி மாறிப் போச்சு. அவ்வளவுதான் சார்.

மேனேஜர்: அவ்வளவுதானா?

மருமகள்: அவ்வளவுதான். நீங்க இல்லாம இந்த லாட்ஜ் ஒரு நாள் ஓடுமா?

மேனேஜர்: எப்படி ஓடும்? குறட்டை விடுறவனுக்கு நடு ரூமைக் குடுத்துட்டு முழிப்பீங்க.

மருமகள்: அதான் சார்.

மேனேஜர்: டேய் ஸ்வெட்டர், என்ன பார்த்துட்டு நிக்கிற? எடுத்து வை. ஸ்வெட்டர் ஆணியில. குல்லா அலமாரியில, மேல் தட்டு. பல்லைக் குடு, அதை நானே வெச்சுக்கறேன். உன்னை நம்ப முடியாது.

மகன்: சரி சார்.

மேனேஜர்: கையைக் கழுவிட்டுத் தொடு! கரி!

மகன்: சரி சார்.

மேனேஜர்: அவனும் ஏன் மூக்கை உறிஞ்சுறான்?

மருமகள்: ஜலதோஷம்னாரே.

மேனேஜர்: வெளிய ரொம்ப நேரம் நின்னுட்டான் போல. தப்பு நம்ம மேலதான். ஒரு போர்வை அதிகமா குடுங்க அவனுக்கு. ...சரிம்மா, கடைசி கஸ்டமர் வந்தாச்சு. நான் கிளம்பறேன். பையன் தனியா இருப்பான்.

மருமகள்: உங்க பையனைப் பத்தித் தகவல் வந்துடுச்சு சார்.

மேனேஜர்: வந்துடுச்சா? யார் சொன்னா?

மருமகள்: இவர்தான். வர்ற வழியில பார்த்தாராம். கேளுங்க.

மகன்: ஆமா சார். பார்த்தேன். வீட்ல எல்லா லைட்டும் எரியுது. நகைக்கடை மாதிரி.

மேனேஜர்: சுவிட்ச் எட்டிச்சா?

மகன்: இப்ப எட்டுது சார். வளர்ந்துட்டான்.

மேனேஜர்: பயந்தானா?

மகன்: பயந்தான்... ரொம்பப் பயந்தான் சார். இப்ப பரவாயில்லை.

மேனேஜர்: சாப்பிட்டானா?

மகன்: அப்பா சாப்பிட்டதும் சாப்பிடுறேன்னான்.

மேனேஜர்: கழுதை. எப்பவும் அப்படித்தான், நான் போற வரைக்கும் தட்டைத் தொட மாட்டான். என்ன வெச்சிருக்கீங்க, சீக்கிரம் போடுங்க. நான் சாப்பிட்டாத்தான் அவன் சாப்பிடுவான்.

மருமகள்: சூடா சூப் இருக்கு. ரொட்டி இருக்கு. சாப்பிட்டுட்டு இந்தக் குளிர்ல எதுக்கு சார் வெளிய போறீங்க? பக்கத்து ரூம் காலியாத்தான் இருக்கு. தங்கிட்டுப் போங்களேன்.

மேனேஜர்: ஸ்டாஃப் ரூம்ல தங்கக் கூடாது. சட்டம்.

மருமகள்: முதலாளியே சொல்றேன்.

மேனேஜர்: ...படுக்கை விரிப்பு மாத்தியாச்சா?

மருமகள்: காலைலதான் மாத்தினேன்.

மேனேஜர்: வென்னீர்ப் பை?

மருமகள்: வெச்சாச்சு.

மேனேஜர்: ஒரு ராத்திரிதான். பழக்கமாக்கிக்கக் கூடாது.

மருமகள்: ஒரு ராத்திரிதான் சார்.

மேனேஜர்: டேய் ஸ்வெட்டர், இந்தா சாவி. கோடி ரூம். நாளைக்கு வந்தா கையைக் கழுவிட்டு நேரத்துக்கு வா.

மகன்: நாளைக்கும் வரலாமா சார்?

மேனேஜர்: தினம்தானே வந்து தொலையறே.

மகன்: அப்பா தூங்கிட்டாரா?

மருமகள்: தூங்கிட்டார். பல் டப்பாவைத் தலையணைக்கு அடியில வெச்சுட்டு. அவர் பையன் வந்தா எழுப்பச் சொல்லியிருக்கார்.

மகன்: வாயில ஒரு செட், தலையணைக்கு அடியில ஒரு செட். நல்ல பாதுகாப்பு. சூப் மிச்சம் இருக்கா?

மருமகள்: இந்தாங்க. கையைக் காட்டுங்க, போச்சா கரி?

மகன்: அதை விடு. பெட்டி எப்படி மாறிச்சு? நீதானே கட்டிலுக்கு அடியில வெச்சேன்னு சொன்னே?

மருமகள்: கட்டிலுக்கு அடியில பேப்பர் பெட்டிதான் இருக்கு.

மகன்: அதான் கேட்கறேன், எப்படி மாறிச்சு?

மருமகள்: மாறலை.

மகன்: மாறலைன்னா?

மருமகள்: ஸ்வெட்டர் வியாபாரின்னு சொல்லச் சொன்னது யாரு?

மகன்: நீ.

மருமகள்: திறங்க திறங்கன்னு நச்சரிச்சது யாரு?

மகன்: ...நீ.

மருமகள்: சூப் ஆறுது, குடிங்க.

மகன்: அடிப்பாவி! ஏன்? அவர் எப்படிப் பதறிப் போனார் பார்த்தேல்ல?

மருமகள்: அவர் பதறுவார்னு நினைக்கலைங்க. சத்தியமா. பெட்டியைத் திறந்ததும் நீங்கதான் பதறுவீங்கன்னு நினைச்சேன். அவர் ஸ்வெட்டரைப் பார்த்துட்டு, 'வேண்டாம், அப்பா இங்கேயே இருக்கட்டும்'னு நீங்க ஒரு வார்த்தை சொல்வீங்க, நானும் 'சரி, உங்க இஷ்டம்'னு பெரிய மனசு பண்ணின மாதிரி சொல்லிடலாம்னு...

மகன்: நேரா சொல்ல வேண்டியதுதானே?

மருமகள்: எப்படிச் சொல்றது? அனுப்பியே ஆகணும்னு ஒத்தைக் கால்ல நின்னது நானு. உங்ககிட்ட சண்டை போட்டு, ரெண்டு நாள் பேசாம இருந்து, அழுது வாங்கின முடிவு. போன வாரம் அவர் பஸ் ஸ்டாப்புல நின்னதுலேருந்து எனக்குத் தூக்கமே இல்லை. அனுப்பிட்டா நிம்மதின்னு நினைச்சேன். துணியை மடிக்க உட்கார்ந்தேன். அந்த சாக்ஸுக்கு ஜோடி தேடுறப்பவே எனக்கு என்னமோ ஆயிடுச்சு. அதுக்கப்புறம் வாயைத் திறந்து சொல்ல கௌரவம் விடலை.

மகன்: நல்ல கௌரவம். அப்ப சாயங்காலம் என்ன பண்றது? நாலு மணியானா பகல்ல பார்த்துக்கிற அம்மா பையைத் தூக்கிட்டுக் கிளம்பிடுறாங்க.

மருமகள்: ஆபீஸ்ல கேட்டு காலை ஷிஃப்டுக்கு மாத்திக்கிட்டேன். குளிர் விடுற வரைக்கும். மூணு மணிக்கு வந்துடுவேன். வெயில் இருக்கும்போதே அவரைக் கூட்டிட்டு ஒரு நடை போயிட்டு வந்துட்டா சாயங்காலம் அவ்வளவு ஆட்டம் இருக்காதுன்னு டாக்டரம்மா சொன்னாங்க. வாசக்கதவு மேல ஒரு மணி கட்டிடுவோம். திறந்தா கேட்கும்.

மகன்: இதெல்லாம் எப்ப முடிவு பண்ணினே?

மருமகள்: நேத்தே.

மகன்: நேத்தே! என்னை மட்டும் இன்னைக்கு வாசல்ல விறைக்க விட்டுட்டே.

மருமகள்: அதுக்கு நான் என்ன பண்றது? மேனேஜர் உத்தரவு. ...ஏங்க, கோபமா?

மகன்: இல்லை.

மருமகள்: அப்ப முதல்ல அந்த இல்லத்துக்கு போன் போட்டு, நாளைக்கு வரலைன்னு சொல்லிடுங்க. பாவம், ரூம் ஒதுக்கி வெச்சிருப்பாங்க.

மகன்: ...காலைல சொல்லிக்கலாம்.

மருமகள்: இப்பவே சொல்லுங்க. நம்பர் உங்க போன்லதானே இருக்கு?

மகன்: ம்... இருக்கும்.

மருமகள்: இருக்குமா? பேசினீங்கல்ல? குடுங்க, நான் பார்க்கறேன். ...காணோமே. என்ன பேர்ல போட்டு வெச்சிருக்கீங்க?

மகன்: சூப்ல உப்பு கம்மி.

மருமகள்: ஏங்க... என் முகத்தைப் பாருங்க. நீங்க அங்க பேசினீங்களா, இல்லையா?

மகன்: பேசினாத்தானே நம்பர் இருக்கும்? காலைல கார் பஞ்சர்னு சொல்லித் தள்ளிப்போடலாம்னு இருந்தேன். ஒரு டயர்னா ஸ்டெப்னியை மாட்டுன்னு நிப்பியேன்னு, ரெண்டு டயர்ல காத்தைப் பிடுங்கி விட்டுட்டுத்தான் சாயங்காலம் உள்ளயே வந்தேன்.